இயேசு சபைப் பல்கலைக்கழகத்தில் ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் (மாணவர் நலத் துறை) வேலை: எனக்குச் சரிப்படுமா?

கேள்வி: வணக்கம் சார். நான் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்தவன், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. இப்போது ஓஹியோவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி நிர்வாகத்தில் முதுகலை கடைசி செமஸ்டர். இரண்டு வருடமாக விடுதியில் கிராஜுவேட் அசிஸ்டென்ட். ஒரு ஜெசூட் (இயேசு சபை) பல்கலைக்கழகத்தில் ரெசிடென்ஸ் ஹால் டைரக்டர் (மாணவர் விடுதிப் பொறுப்பாளர்) வேலைக்கு விளம்பரம் பார்த்தேன். “எங்கள் ஜெசூட், கத்தோலிக்க நோக்கத்துக்கு ஆதரவாக இருக்க வேண்டும்” என்று போட்டிருக்கிறார்கள். நான் இந்து. விண்ணப்பிக்கலாமா? அங்கே வேறு என்ன வேலைகள் உண்டு? விசா கிடைக்குமா? அப்பா போனில் “ஹாஸ்டல் வார்டன் வேலைக்கா அமெரிக்கா போனே?” என்று கேட்கிறார், அவருக்கு என்ன சொல்வது? பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, விண்ணப்பியுங்கள். நீங்கள் இந்து என்பதற்காக யாரும் உங்கள் விண்ணப்பத்தை ஓரமாக எடுத்து வைக்கப் போவதில்லை. 1789-ல் தொடங்கிய ஜார்ஜ்டவுன்தான் அமெரிக்காவின் மிகப் பழைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அங்கேயே 1999-ல் ஒரு இமாமை முழுநேரப் பணியில் அமர்த்தினார்கள், 2016-ல் இந்து மாணவர்களுக்காக ஓர் இந்து குருவையும் எடுத்தார்கள். நான் உட்கார்ந்த தேர்வுக் குழுக்களில் யூதர்கள், முஸ்லிம்கள், சாமியே கும்பிடாதவர்கள் என்று எல்லோருக்கும் வேலை கொடுத்திருக்கிறோம். கேம்பஸ் மினிஸ்ட்ரி (வளாகத்தில் ஆன்மிகப் பணி பார்க்கும் அலுவலகம்) போன்ற ஒருசில இடங்களுக்கு மட்டும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும், இறையியல் படித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள், அதை விளம்பரத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

பாதிரியார்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதால் இந்தப் பல்கலைக்கழகங்களை இன்று நடத்துவதே பெரும்பாலும் பொதுநிலையினர்தான், அதாவது பாதிரியாரோ துறவியோ அல்லாத சாதாரண ஆட்கள். உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு தகவல்: அமெரிக்க இயேசு சபைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பொதுநிலையினர் ஒருவர் முதன்முதலில் தலைவரானது 2001-ல், ஜார்ஜ்டவுனில். அந்த ஜான் டிஜோயா எண்பதுகளில் அங்கே டீன் ஆஃப் ஸ்டூடண்ட் அஃபேர்ஸாக இருந்தவர். விடுதிச் சண்டையும் மாணவர் புகாரும் பார்த்த ஆள் இருபது வருடத்துக்கும் மேலாகப் பல்கலைக்கழகத்தையே நடத்தினார். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இயேசு சபை வழிவந்த கல்லூரி, பல்கலைக்கழகங்கள் 27. உங்கள் ஓஹியோவிலேயே சின்சினாட்டியில் சேவியர், கிளீவ்லாந்து பக்கம் ஜான் கேரல் என்று இரண்டு இருக்கின்றன. விண்ணப்பிப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்தான், ஆனால் அது இயேசு சபையுடையது கிடையாது, ஹோலி கிராஸ் சபையுடையது. மாசசூசெட்ஸில் இருக்கும் ஹோலி கிராஸ் கல்லூரியோ இயேசு சபையுடையது. வில்லனோவா அகுஸ்தீன் சபை, சிகாகோ டிபால் வின்சென்ட் சபை. கவர் லெட்டரில் இதை மாற்றி எழுதிவிட்டால் அந்த விண்ணப்பம் அதோடு சரி.

இனி அந்த “நோக்கத்துக்கு ஆதரவு” விஷயத்துக்கு வருவோம், உங்களுக்குப் பயம் அங்கேதான் இருக்கிறது. நேர்முகத்தில் கண்டிப்பாக இதைக் கேட்பார்கள். “எங்கள் நோக்கம் உங்கள் வேலையில் எப்படித் தெரியும்?” என்ற மாதிரி. பத்துக்கு எட்டுப் பேர் வலைத்தளத்தில் படித்த “க்யூரா பெர்சனாலிஸ்” (முழு மனிதரையும் பார்த்துக்கொள்ளுதல்), “மாகிஸ்” (இன்னும் மேலானதை நாடுதல்), “பிறருக்காக வாழும் மனிதர்கள்” எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பிப்பார்கள். கேட்கிற எங்களுக்குச் சலித்துப் போய்விட்டது, உண்மையாகவே. அந்தச் சொற்களை விடுங்கள், அவற்றின் பின்னால் இருப்பதைப் படியுங்கள். “பிறருக்காக” என்பது 1973-ல் சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே ஸ்பெயினின் வாலென்சியாவில் சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்களிடம் பேசியது. எங்களிடம் படித்த உங்களுக்கு நாங்கள் நீதியைச் சொல்லிக்கொடுத்தோமா, இல்லையே என்று வசதியான குடும்பத்து ஆட்களைப் பார்த்து நேராகக் கேட்டார், அவர்களில் பலருக்கு அது கசந்தது. அந்தக் கசப்பு தெரிந்துகொண்டு பேசுகிறவருக்கும், சுவரில் ஒட்டியிருக்கும் வாசகமாகப் பேசுகிறவருக்கும் வித்தியாசம் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உங்களிடம் இதற்கு நல்ல சரக்கு இருக்கிறது, கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். செயின்ட் ஜோசப்பில் ஷெப்பர்ட் திட்டத்தில் கிராமத்துக்குப் போயிருப்பீர்களே? பாடத்திட்டத்தின் பகுதியாகவே மாணவர்களை ஊருக்குள் அனுப்புகிற திட்டம் அது. அந்தக் கல்லூரி 1844-ல் தொடங்கியது, பாஸ்டன் காலேஜைவிட மூத்தது. இங்கே “இமர்ஷன் ட்ரிப்” என்று வசந்த விடுமுறையில் மாணவர்களை ஒரு வாரம் ஏழ்மையான மலைப்பகுதியான அப்பலாச்சியாவுக்கும் மெக்சிகோ எல்லைக்கும் கூட்டிப்போவார்கள், திரும்பி வந்து உட்கார்ந்து என்ன பார்த்தோம், நமக்குள் என்ன மாறியது என்று பேச வைப்பார்கள். நீங்கள் அதே சபையின் கல்லூரியில் அதே யோசனையின் இன்னொரு வடிவத்துக்குள் இருந்து வந்தவர். போன ஊர், பேசிய ஆள், உங்களுக்கு அங்கே சங்கடமாக இருந்தது எது, படித்த பையன்கள் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போவதை ஊர்க்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள், இதையெல்லாம் சொல்லுங்கள். இதை ஓஹியோவில் பிறந்த விண்ணப்பதாரர் யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது, யாரும் உங்களுக்கு வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். நீங்கள் இப்போது இருப்பது அரசுப் பல்கலைக்கழகம். அங்கே அரசியல் சட்டத்தின் பேச்சுரிமை மாணவருக்கு நேரடியாகப் பொருந்தும், ஒரு மாணவர் குழுவின் கருத்து பிடிக்கவில்லை என்று அங்கீகாரம் மறுக்க முடியாது. தனியார் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கருக்கலைப்பு உரிமைக்காகப் பேசும் குழு ஜார்ஜ்டவுனில் பல ஆண்டுகளாகப் பல்கலைக்கழக அங்கீகாரம் இல்லாமலே இயங்குகிறது. 2013-ல் பாஸ்டன் காலேஜில் விடுதி அறைகளிலிருந்து ஆணுறை விநியோகித்த மாணவர்களுக்கு, இது கத்தோலிக்க நிறுவனமாக எங்கள் பொறுப்புக்கு ஒத்துவராது, நிறுத்துங்கள், இல்லையென்றால் நடவடிக்கை என்று கடிதம் போனது, நாடு முழுக்கச் செய்தியானது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பிஷப்புகள் கிடையாது, ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் ஆட்கள். நாளைக்கு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே அப்படி ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டி வரலாம்.

அதே சமயம் 2008-ல் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் முதன்முதலாக எல்.ஜி.பி.டி.க்யூ. மாணவர்களுக்கு ஒரு மையம் தொடங்கியதும் ஜார்ஜ்டவுன்தான், மாணவர்கள் தாக்கப்பட்ட பிறகு மற்ற மாணவர்கள் போராடிப் பெற்றது அது. 1838-ல் மேரிலாந்து இயேசு சபையினர் தாங்கள் அடிமைகளாக வைத்திருந்த 272 பேரை விற்ற வரலாற்றுக்காக 2015-ல் ஜார்ஜ்டவுன் மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்துக்கு வெளியே உட்கார்ந்தார்கள், கட்டடங்களின் பெயர் மாறியது, 2019-ல் விற்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்காக ஒவ்வொரு செமஸ்டரும் 27.20 டாலர் கட்டத் தயார் என்று மாணவர்களே வாக்களித்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் நிர்வாகத்துக்கும் மாணவர்களுக்கும் நடுவில் நிற்பது நம் துறைதான். அந்த நடுவில் உங்களால் நேர்மையாக நிற்க முடியுமா, எந்த இடத்தில் “இதை என்னால் செய்ய முடியாது” என்று சொல்வீர்கள் என்று வேலைக்குச் சேரும் முன்பே உங்களுக்குள் தெளிவாக இருக்க வேண்டும். பல வருடம் இதில் இருந்தபின் நான் நம்புவது இது: அந்த நோக்கம் வெறும் விளம்பர வாசகம் இல்லை, நிஜமாகவே ஒரு பையனின் முழு வாழ்க்கையையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது, அதனால்தான் நான் இதில் இருக்கிறேன். ஆனால் எல்லைகளும் நிஜம். இரண்டையும் தெரிந்துகொண்டு உள்ளே வருகிறவர்கள் நிலைக்கிறார்கள்.

வேலைகள் என்று பார்த்தால் ஹால் டைரக்டர் ஒரு வாசல் மட்டும்தான். ஸ்டூடண்ட் ஆக்டிவிட்டீஸ், ஓரியன்டேஷன், கேரியர் சென்டர், வெளிநாட்டு மாணவர் அலுவலகம், மாற்றுத்திறனாளி மாணவர் உதவி, ஒழுங்கு விசாரணை பார்க்கும் ஸ்டூடண்ட் காண்டக்ட், சேவைக் கல்வி என்று நிறைய. கவுன்சலிங் சென்டருக்கு லைசென்ஸ் வேண்டும், உங்கள் பட்டம் போதாது. காண்டக்ட் வேலையை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்பேன். பார்ட்டியில் பிடிபட்ட பையனிடம் தண்டனைப் பட்டியலை நீட்டுவதற்குப் பதிலாக, நீ யாராக இருக்க விரும்புகிறாய், நேற்று நடந்தது அதற்குப் பொருந்துகிறதா என்று கேட்டு அரை மணி நேரம் உட்காருவதுதான் இந்த வேலை நன்றாக நடக்கும் இடங்களில் வழக்கம். அந்த அரை மணி நேரத்தில் நடப்பதை நான் வேறு எந்த வேலையிலும் பார்த்ததில்லை.

முதல் பட்டதாரி என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, அதனால் இன்னொன்று. லயோலா சிகாகோ 2015-ல் அருப்பே காலேஜ் என்று இரண்டு வருடப் படிப்பு தொடங்கியது, வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகள் கடன் அதிகம் இல்லாமல் முடிக்கட்டும் என்று. பாஸ்டன் காலேஜ் 2024-ல் மெசினா காலேஜ் தொடங்கியது, அதுவும் வீட்டில் முதலாவதாகப் படிக்க வருகிறவர்களுக்கு. இங்கெல்லாம் மாணவர் ஆதரவுதான் படிப்பின் முதுகெலும்பு: பஸ் காசு, சாப்பாடு, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எல்லாம் உங்கள் மேஜைக்கு வரும். கல்லூரி அலுவலகத்தில் எந்தக் கவுன்டரில் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டு. இந்த மாதிரி இடங்களின் விளம்பரங்களையும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

சரி, ஹால் டைரக்டர் வேலை. நம்ம ஊர் வார்டனோடு இதை ஒப்பிட முடியாத இடங்களை அப்பாவுக்குச் சொன்னால் புரியும். அங்கே பையன் ராத்திரி வரவில்லை என்றால் வார்டன் அப்பாவுக்குப் போன் போடுவார். இங்கே 1974-ல் வந்த ஃபெர்ப்பா சட்டத்தின்படி மாணவரின் பதிவுகள் மாணவருடையவை. கட்டணம் கட்டுகிற அப்பாவே கூப்பிட்டாலும், மாணவர் சம்மதம் இல்லாமல் மார்க்கையோ விசாரணையையோ பொதுவாகச் சொல்ல முடியாது. உயிர் ஆபத்து, 21 வயதுக்குள் மது போன்ற சில விலக்குகள் உண்டு. பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு மாணவி உங்களிடம் சொன்னால் டைட்டில் ஒன்பது (கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம்) அலுவலகத்துக்கு நீங்கள் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே அவர் பேசத் தொடங்கும் முன்பே, “நான் ரகசியமாக வைக்க முடியாதவன், ரகசியமாகப் பேச வேண்டுமென்றால் கவுன்சலரும் பாதிரியாரும் இருக்கிறார்கள்” என்று சொல்லப் பழக வேண்டும். இதை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருப்பீர்கள். ஜெசூட் இடங்களில் கூடுதலாக, விடுதியிலேயே ஒரு பாதிரியாரோ கேம்பஸ் மினிஸ்டரோ குடியிருப்பது வழக்கம். அவரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள், இரவு ஒரு மணிக்கு அழுதுகொண்டு வரும் மாணவரை நிம்மதியாக அனுப்பிவைக்க அவரைப் போல் துணை இல்லை.

இந்த வேலையில் வீடு இலவசம், பெரும்பாலும் சாப்பாடும் உண்டு. சம்பளம் குறைவு. டியூட்டி போன் உங்களிடம் இருக்கும் வாரத்தில் தூக்கம் கிடையாது. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். “முழு மனிதரையும் பார்த்துக்கொள்ளுதல்” என்ற அழகான கொள்கையை வைத்தே ஊழியர்களைப் பிழிந்தெடுக்கும் அலுவலகங்கள் உண்டு. மாணவருக்காகத்தானே, இன்னும் ஒரு ராத்திரி, இன்னும் ஒரு வார இறுதி, நோக்கத்தில் நம்பிக்கை இருந்தால் கணக்குப் பார்ப்பீர்களா என்பார்கள். நல்ல பிள்ளைகள்தான் இதில் முதலில் உடைவது. ஊழியரும் முழு மனிதர்தான். அதனால் நேர்முகத்தில் தயங்காமல் கேளுங்கள்: போன வருடம் எத்தனை ஹால் டைரக்டர்கள் வேலையை விட்டார்கள்? டியூட்டி சுழற்சியில் எத்தனை பேர்? ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் மாணவரோடு இருந்தால் மறுநாள் காலை விடுப்பா? பெரிய சம்பவத்துக்குப் பிறகு ஊழியர்களை யார் கவனிக்கிறார்கள்? இதற்கு நேராகப் பதில் சொல்லும் மேலாளர் கிடைத்தால் சம்பளம் இரண்டாயிரம் டாலர் குறைந்தாலும் போங்கள். மழுப்பினால், பல்கலைக்கழகம் எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும் யோசியுங்கள்.

பல்கலைக்கழகத்தின் பண நிலையையும் பாருங்கள். 27-ம் ஒன்றல்ல. பில்லியன் கணக்கில் அறக்கட்டளை வைத்திருப்பவையும் உண்டு, ஒவ்வொரு வருடச் சேர்க்கையை நம்பி ஓடுபவையும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் பல்கலைக்கழகம் பணச் சிக்கலில் பல துறைகளை மூடி, 2019-ல் இயேசு சபைத் தொடர்பையும் இழந்தது. பணம் குறைந்தால் முதலில் வெட்டுவது நம் துறையைத்தான். கூகுளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு “லேஆஃப்” என்று போட்டுத் தேடிவிட்டுப் போங்கள்.

விசா. உங்கள் பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பத் துறைகள்) பட்டியலில் வராது, ஆகவே படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. 12 மாதம்தான், நீட்டிப்பு இல்லை. அதில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல செய்தி, பல்கலைக்கழகங்களுக்கு ஹெச்1பி (வேலை விசா) எண்ணிக்கை வரம்பு கிடையாது: லாட்டரி இல்லை, வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் மனு போடலாம். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் பேராசிரியர், ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டுமே போடுவோம், அலுவலக ஊழியர்களுக்குப் போட மாட்டோம் என்று உள்விதி வைத்திருக்கின்றன. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், முதல் போன் நேர்முகத்திலேயே ஹெச்.ஆரிடம் கேளுங்கள். “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்பது பதில் இல்லை.

இன்னும் இரண்டு முடிச்சு. வேலை குறிப்பிட்ட துறையின் பட்டத்தைக் கேட்பதாக இருக்க வேண்டும். “எந்த முதுகலையும் போதும்” என்று விளம்பரம் போட்டிருந்தால் மனு பலவீனம், “உயர்கல்வி நிர்வாகம், கவுன்சலிங் அல்லது அதை ஒட்டிய துறை” என்றிருந்தால் பரவாயில்லை. சம்பளமும் அந்த ஊரில் அந்த வேலைக்கு அரசு வைத்திருக்கும் பிரிவெய்லிங் வேஜுக்கு (நடப்புச் சம்பள அளவு) கீழே போகக் கூடாது, வீடு கொடுத்துச் சம்பளத்தைக் குறைக்கும் ஹால் டைரக்டர் வேலைகளில் இது இடிக்கலாம். ஆக்டிவிட்டீஸ், வெளிநாட்டு மாணவர் அலுவலகம் போன்றவற்றில் இந்தச் சிக்கல் குறைவு, அதையும் மனதில் வையுங்கள். 2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புது மனுக்களைக் குறிவைத்தது, இங்கேயே இருந்து மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு இல்லை என்று அதற்கடுத்த மாதம் விளக்கம் வந்தது. வழக்குகளும் நடந்தன, விதி மாறலாம், ஆகவே மனு நிலுவையில் இருக்கும்போது ஊருக்குக் கிளம்பும் முன் வக்கீலிடம் கேட்டே ஆக வேண்டும். தங்கச்சி கல்யாணமாக இருந்தாலும்.

அப்பாவுக்கு: இது முதுகலை கேட்கிற வேலை, ஒரு கட்டடத்தில் சில நூறு மாணவர்கள், கீழே பத்துப் பதினைந்து ஆர்.ஏ.க்கள் (விடுதியில் உதவும் மூத்த மாணவர்கள்), பட்ஜெட், விசாரணை, நெருக்கடி எல்லாம் உங்கள் பொறுப்பு, மூன்று நான்கு வருடத்தில் அசிஸ்டென்ட் டைரக்டர், அப்புறம் டீன் வரை வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். கூடவே, முழுநேர ஊழியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கட்டணச் சலுகை உண்டு, சபையின் கல்லூரிகள் தங்களுக்குள் ஃபாசெக்ஸ் என்று ஒரு ஏற்பாடு வைத்து ஊழியர் பிள்ளைகளை மற்றக் கல்லூரிகளிலும் சேர்த்துக்கொள்கின்றன. பேரப்பிள்ளையின் படிப்புச் செலவு என்றால் எந்த அப்பாவும் கொஞ்சம் காது கொடுப்பார்.

ஹால் டைரக்டர் இடங்களுக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் மும்முரமாக ஆள் எடுப்பார்கள், வேலை ஜூலையில் தொடங்கும். ஆகவே தள்ளிப் போடாதீர்கள். கவர் லெட்டர் ஒரு பக்கம், அதில் பாதி ஷெப்பர்ட் கிராமமும் உங்கள் விடுதியில் நடந்த ஒரு சம்பவமும். மதம் பற்றி அதில் எழுத வேண்டாம், அவர்கள் கேட்டால் பேசிக்கொள்ளலாம். எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். விளம்பரத்தையும் இன்றே பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள், கடைசித் தேதி முடிந்ததும் எடுத்துவிடுவார்கள், விசா மனு போடும்போது என்ன பட்டம் கேட்டார்கள் என்று வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.